மறுமொழி: போர் விமானத்தைப் ‘புதுப்பித்தல்’ வேண்டாம், ‘நிலைபேணல்’ என்போம்

வணக்கம் குழும நண்பர்களே,

எங்கள் பள்ளி மண்டபத்தில் நடக்கவிருக்கும் டிசம்பர் போர்க்காலக் கண்காட்சியின் விளக்கப் பலகைகளை இங்கே வரைவாக இட்டதும் இத்தனை பேர் நேரமெடுத்து எழுதியதற்கு நன்றி. விமானப் பாகங்களுக்கான குண்டறை, சுடுமேடை, உடற்பகுதி ஆகிய தமிழ்ச் சொற்களை எல்லாரும் ஒத்துக்கொண்டாயிற்று. இழுபறியில் நிற்பது, அருங்காட்சியகப் பொருள்களைக் கெடாமல் பேணும் பணியைக் குறிக்கும் கன்சர்வேஷன் (conservation) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் என்ன என்பது ஒன்றுதான். அதற்கு என் பரிந்துரையையும் காரணங்களையும் விரிவாகவே எழுதுகிறேன்.

இழையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பின்னணி. 1941 டிசம்பர் 8ஆம் தேதி காலையில் மலேசியாவில் (அன்றைய மலாயாவில்) உள்ள எங்கள் சுங்கைப் பட்டாணி விமானத்தளத்தின்மேல் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அங்கே நின்ற பிரிட்டிஷ் தரப்பின் பிளென்ஹைம், பஃபலோ விமானங்களில் பல தரையிலேயே நாசமாயின. மறுநாள் பட்டர்வொர்த் தளமும் தாக்கப்பட்டபோது, ஆர்தர் ஸ்கார்ஃப் என்ற விமானி, துணைக்கு வேறு விமானம் ஏதுமின்றி, ஒரே ஒரு பிளென்ஹைமில் தாய்லாந்தின் சிங்கோரா வரை போய்க் குண்டு வீசினார். படுகாயத்தோடு திரும்பி, அலோர் ஸ்டாரில் விமானத்தை இறக்கியபின் இறந்தார். 1946இல் அவருக்குப் பிரிட்டனின் உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் அறிவிக்கப்பட்டது. பள்ளி மண்டபத்தில் வைக்க எங்களிடம் விமானம் ஏதும் இல்லை. படங்களும் பலகைகளும்தான். அதனால் ஒரு பகுதியை, அந்தக் காலத்துக் குண்டுவீச்சு விமானங்களை மற்ற நாட்டு அருங்காட்சியகங்கள் எப்படி வைத்திருக்கின்றன என்பதற்கு ஒதுக்கியிருக்கிறோம். அந்தப் பகுதியின் தலைப்பில்தான் இந்தச் சொல் வருகிறது.

> புதுப்பித்தல் என்றே போடலாமே. ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் புரியும்.

ஈப்போ ஐயா, புரியும் என்பது உண்மை. என்ன புரியும் என்பதில்தான் எனக்குக் கவலை. நம் ஊர்க் கோவில்களில் குடமுழுக்குக்கு முன் கோபுரத்துக்குப் புது வண்ணம் பூசுகிறோம், உடைந்த சுதைச் சிற்பத்துக்குப் புதுக் கை வைக்கிறோம். புதுப்பித்தல் என்றதும் நம் பிள்ளைகள் கண்முன் வருவது அந்தக் காட்சி. வழிபாட்டில் இருக்கும் கோவிலுக்கு அது தேவையான பணி. அருங்காட்சியகத்து விமானத்துக்கு அதே கையைப் போட்டால், குண்டு துளைத்த ஓட்டையும் கருகிய தகடும் பழைய சாயமும் போய்விடும். பார்க்க வருகிறவன் கண்ணால் காணவேண்டிய சான்றே அவைதான்.

இதை ஹாலிஃபாக்ஸ் விமானங்களைக் கொண்டு சொல்கிறேன். நான்கு எஞ்சின் கொண்ட பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானம் அது. ஒரே வகை விமானம், மூன்று இடங்கள், மூன்று விதமான வேலை. தமிழில் மூன்று சொல் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

முதலாவது, லண்டன் ஹெண்டனில் உள்ள அரச விமானப்படை அருங்காட்சியகத்து டபிள்யூ1048. 1942 ஏப்ரலில் நார்வேயில் இருந்த ஜெர்மன் போர்க்கப்பல் டிர்பிட்ஸைத் தாக்கப் போய், சுடப்பட்டு, உறைந்து கிடந்த ஹோக்லிங்கன் ஏரியின்மேல் இறங்கியது. ஏறியிருந்தவர்கள் உயிர் தப்பினார்கள். பனி உடைந்து விமானம் ஏரிக்குள் போனது. 1973இல் வெளியே எடுத்தார்கள். இன்றும் அது சிதைந்த உடம்போடு, ஏரியிலிருந்து வந்த கோலம் தெரியத்தான் நிற்கிறது.

இரண்டாவது, கனடாவின் டிரென்டனில் இருக்கும் என்ஏ337. அதுவும் நார்வே ஏரியில் மூழ்கியதுதான். 1945 ஏப்ரலில் மியோசா ஏரியில் விழுந்து, 1995இல் மேலே வந்தது. அங்கே எடுத்த முடிவு வேறு. பத்தாண்டு பாடுபட்டு, நெளிந்ததை நிமிர்த்தி, இல்லாததைச் செய்து சேர்த்து, சாயம் பூசி, 1945இல் பறக்கப் புறப்பட்ட நாளில் எப்படி இருந்ததோ அந்த உருவத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

மூன்றாவது, இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் எல்விங்டன் என்ற இடத்தில் உள்ளது. அதன் உடற்பகுதியில் ஒரு துண்டு, லூயிஸ் தீவில் பண்ணை ஒன்றில் கோழிக்கூண்டாகக் கிடந்தது. இறக்கை ஹேஸ்டிங்ஸ் என்ற இன்னொரு விமானத்தினுடையது. பல இடத்துப் பாகங்களையும் புதிதாகச் செய்தவற்றையும் கூட்டி ஒரு முழு ஹாலிஃபாக்ஸை எழுப்பினார்கள்.

இந்த மூன்றையும் ‘புதுப்பித்தல்’ என்று ஒரே சொல்லால் எழுதினால் நாம் பார்வையாளருக்குத் தவறான செய்தி தருகிறோம். எல்விங்டனில் நிற்பதை மீளாக்கம் என்று சொல்லலாம், அதில் யாருக்கும் மறுப்பில்லை. டிரென்டனில் நடந்தது உருமீட்பு. கிள்ளான் அக்கா தந்த இந்தச் சொல் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இழந்த உருவத்தை மீட்பது என்று கேட்டவுடன் விளங்குகிறது. ஹெண்டனில் நடப்பதற்குத்தான் நிலைபேணல் என்று முன்வைக்கிறேன். கையில் வந்தபோது பொருள் எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையைப் பேணுவது, மேற்கொண்டு கெடாமல் பார்ப்பது.

> பாதுகாப்பு என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறதே?

இருக்கிறது. ஆனால் ‘விமானப் பாதுகாப்பு’ என்று பலகையில் எழுதினால் படிப்பவர் பயணப்பெட்டிச் சோதனையைத்தான் நினைப்பார். ‘விமானப் பராமரிப்பு’ என்றால் சுபாங் விமான நிலையத்தில் எஞ்சின் கழற்றும் வேலை. இரண்டு சொல்லும் நல்ல சொற்கள், வேறு வேலைக்குப் போய்விட்டவை. தவிர, காத்தல் வெளியிலிருந்து வரும் தீங்கைத் தடுப்பது. பேணல் பொருளின் அருகிலேயே இருந்து கவனிப்பது. குறளின் 56ஆம் பாவிலேயே தன்னைக் காத்தல், கொண்டவனைப் பேணல், சொல்லைக் காத்தல் என்று இரண்டு வினையும் தனித்தனி இடத்தில் நிற்கின்றன.

விமானத்துக்குத் தீங்கு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகும். அந்தக் கால விமானத்தின் தோல் டியூராலுமின். அலுமினியத்தில் சுமார் 4 விழுக்காடு செம்பு கலந்தது. செம்பு வலிமை தருகிறது, அரிப்பையும் கூடவே கொண்டுவருகிறது. தூய அலுமினியத்தின்மேல் தானாக உண்டாகும் ஆக்சைடு படலம் நல்ல கவசம். கலப்பு உலோகத்தில் அது அத்தனை உறுதியாக இருப்பதில்லை. உப்பிலுள்ள குளோரைடு புகுந்தால் குழி விழும், வெள்ளைப் பொடி கிளம்பும், தகடு ஏடு ஏடாக உப்பிப் பிரியும். எஃகு ஆணி அலுமினியத்தைத் தொடும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் அலுமினியம்தான் கரையும். திருடனோ தீயோ வரவேண்டியதில்லை. பூட்டிய மண்டபத்துக்குள் பொருள் தன்னுள்ளேயே கெட்டுக்கொண்டிருக்கும். நம் நாட்டுக் காற்றின் ஈரத்தில், திறந்தவெளியில் நிற்கும் பழைய விமானத்துக்கு என்ன ஆகும் என்று விளக்கவே வேண்டாம்.

இந்தப் பணியின் உச்சம் என்று நான் நினைப்பது டோர்னியர் 17. 1940 ஆகஸ்ட் 26ஆம் தேதி சுடப்பட்டு, இங்கிலாந்துக் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் விழுந்த ஜெர்மன் குண்டுவீச்சு விமானம். கடலடியில் தலைகீழாகக் கிடந்தது. 2013 ஜூன் 10ஆம் தேதி தூக்கினார்கள். அந்த வகையில் உலகில் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். எழுபது ஆண்டுக்கு மேல் உப்புநீரில் ஊறிய அலுமினியத்தை அப்படியே காற்றில் வைத்தால் வேகமாக உதிர்ந்துபோகும். அதனால் இங்கிலாந்தின் காஸ்ஃபோர்டில் உள்ள அரச விமானப்படை அருங்காட்சியகத்தில் பிளாஸ்டிக் கூடாரங்கள் அமைத்து, எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலத்தை மிகவும் நீர்த்த கரைசலாக்கி, மாதக்கணக்கில் இடைவிடாமல் தெளித்தார்கள். லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் அந்தக் கரைசலை உருவாக்க உதவினார்கள். சிப்பியும் பாசியும் உதிர்ந்தன, குளோரைடு கழுவப்பட்டது, சில இடங்களில் பழைய சாயம்கூட மிஞ்சியது. அமிலம் கொஞ்சம் கூடினால் உலோகமே கரைந்துவிடும். ரப்பர்பாலை உறையவைக்கப் பார்மிக் அமிலத்தை அளந்து ஊற்றிய நம் தோட்டத்து ஆட்களுக்கு அந்த அளவின் அருமை தெரியும். இத்தனை பாடுபட்ட பிறகும் அதைப் புதிய டோர்னியராக ஆக்க யாரும் முயலவில்லை. நோக்கம் அதுவல்ல. இதற்குப் பெயர் புதுப்பித்தலா? மனசாட்சியோடு எழுத முடியாது, நண்பர்களே.

> நிலைபேணலா, நிலைப்பேணலா? ஒற்று மிகாதா?

மிகாது. நிலையைப் பேணல் என்று விரியும் இரண்டாம் வேற்றுமைத் தொகை இது. அங்கே வல்லினம் மிகுவதில்லை. ‘நிலைப்பேணல்’ என்று எழுதினால் ‘நிலைப்பு’ என்ற சொல் முன்னால் ஒட்டிக்கொண்டதுபோலத் தோன்றும். அதையும் தவிர்ப்போம்.

> நிலைபேறு என்ற சொல்லோடு குழப்பம் வரும். இலங்கையில் நிலைபேறான அபிவிருத்தி என்று எழுதுகிறோம்.

யாழ்ப்பாணத்து நண்பரின் இந்த மறுப்புத்தான் இந்த இழையிலேயே கனமானது. நிலைபேறு என்றென்றும் நீடிப்பதைச் சொல்கிறது. அந்தப் பொருள் இங்கே ஏறிவிட்டால் பெரிய பிழையாகும், ஏனென்றால் எந்த அருங்காட்சியகமும் அப்படி வாக்குத் தர முடியாது. ரப்பரையே எடுத்துக்கொள்ளுங்கள். எதிரியின் குண்டு துளைத்தால் தானாக அடைத்துக்கொள்ளும் பெட்ரோல் தொட்டிகள் அந்த விமானங்களில் பொருத்தப்பட்டன. தொட்டிச் சுவரின் அடுக்குகளுக்கு நடுவே கந்தகம் சேர்த்துச் சூடாக்கிப் பதப்படுத்தாத பச்சை ரப்பர் இருக்கும். துளை வழியாகப் பெட்ரோல் பட்டதும் அது ஊதிப் பெருத்துத் துளையை மூடும். போருக்கு முன் உலகிலேயே அதிக ரப்பர் தந்தது மலாயா. அந்தத் தொட்டிகளிலும் சக்கரங்களிலும் நம் பாட்டன் பாட்டி மரம் சீவி, மங்கிலிருந்து (பால் வடியும் கிண்ணத்திலிருந்து) வாளியில் ஊற்றிச் சுமந்து வந்த பால் இருந்திருக்க நிறைய வாய்ப்புண்டு. இதை எங்கள் பலகையில் பெரிய எழுத்தில் போடப் போகிறோம். போர்க்கதை என்றால் விமானிகளும் தளபதிகளும் மட்டும்தான் என்று நம் பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. அந்த ரப்பர் இப்போது காற்றாலும் ஒளியாலும் இறுகி வெடிக்கிறது. இருட்டும் குளிர்ச்சியும் குறைந்த ஆக்சிஜனும் கொடுத்துச் சிதைவை மெதுவாக்கலாம், நிறுத்த முடியாது. பெர்ஸ்பெக்ஸ் என்ற பிளாஸ்டிக் கண்ணாடியில் ஓடும் நுண்வெடிப்பும் அப்படியே.

ஆகவே நண்பர் சொல்லும் குழப்பத்தை நீக்க, பலகையில் சொல் முதலில் வரும் இடத்தில் ‘உள்ள நிலையைப் பேணுதல்’ என்று விரித்து எழுதி, அடுத்த வரியிலிருந்து நிலைபேணல் என்று சுருக்கலாம் என்பது என் எண்ணம். ‘பேறு’ அடைவதைக் குறிக்கும், ‘பேணல்’ செய்துகொண்டே இருக்கும் வினை. படிப்பவர் காதில் அந்த வேறுபாடு விழும் என்று நம்புகிறேன்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நம் நாட்டின் 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம் கன்சர்வேஷன் என்பதை ஒரு குடைச்சொல்லாகவே வரையறுக்கிறது. உருமீட்பு, மீளாக்கம் எல்லாம் அதற்குள் அடக்கம். மலாயில் பெமுலிஹாராஆன் என்பது அந்த விரிந்த பொருளில் வரும். சட்டத்தை மொழிபெயர்ப்பவர்களுக்கு நிலைபேணல் பொருந்தாது. அந்த இடத்துக்கு ‘மரபுடைமைப் பேணல்’ என்று வைத்து, அதன் ஒரு கிளையாக நிலைபேணலைக் கொள்வது சரியாக இருக்கும். மெர்போக்கில் 1960 வாக்கில் கற்களை அடுக்கி எழுப்பிய புக்கிட் பத்து பகாட் சண்டியை (பழங்காலக் கோவிலை)ப் பற்றி எழுதும்போதும் இந்தப் பகுப்பு உதவும். அங்கே நாம் காண்பது மீளாக்கம். பூஜாங் பள்ளத்தாக்குக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிற ஆசிரியர்கள் இதையும் சொல்லிக்கொடுத்தால் நன்றாக இருக்கும்.

துணைச் சொற்கள்: இதைச் செய்பவர் நிலைபேணுநர். பூசியதைப் பிற்காலத்தில் பொருளுக்குச் சேதமின்றி நீக்கமுடியும் என்ற கொள்கைக்கு ‘நீக்கத்தக்கமை’. அசிட்டோன் கொண்டு கரைத்து எடுத்துவிடக்கூடிய பாரலாய்ட் பி-72 போன்ற பிசினை நிலைபேணுநர்கள் விரும்புவது இதற்காகத்தான். ஆனால் நீக்கத்தக்கமை வாயில் வழுக்குகிறது. நல்ல மாற்று யாரிடமாவது இருக்கிறதா? ‘மீள்தன்மை’ இழுத்துவிட்ட ரப்பர் பழையபடி சுருங்குவதற்கு ஏற்கெனவே வழங்குகிறது, தோட்டத்து ஊரில் அதைத் தொட வேண்டாம்.

பலகையின் திருத்திய வாசகம் கீழே:

“இந்த விமானத்தின் ஓட்டைகள் அடைக்கப்படவில்லை, சாயம் புதிதாகப் பூசப்படவில்லை. ஏரியிலிருந்து வந்தபோது இருந்த நிலையைப் பேணி வைத்திருக்கிறார்கள். இப்பணி நிலைபேணல் எனப்படும்.”

அச்சுக்குக் கொடுக்கும் முன் ஈப்போ ஐயாவும் யாழ்ப்பாணத்து நண்பரும் இந்த மூன்று வரியைப் பார்த்துச் சொல்லுங்கள். ‘பேணி வைத்திருக்கிறார்கள்’ என்பதில் அருங்காட்சியகத்தின் பெயரைச் சேர்க்க வேண்டுமா என்பதும் முடிவாகவில்லை. சேர்ப்பது முறை என்பது என் கருத்து.

அன்புடன்,
சுங்கைப் பட்டாணியிலிருந்து