பிட்ச் வகுப்பில் நடந்தது: இன்னும் உறுத்துகிற ஒன்றைச் சொல்லுங்கள்

கரும்பலகை:
நானே தொடங்கிவைக்கிறேன். வணிகவியல் மாணவர்களுக்கு இரண்டு நிமிட விற்பனைப் பேச்சு, அதாவது பிட்ச். பேச்சின் அமைப்பு ஏஐடிஏ, அதாவது கவனம், ஆர்வம், ஆசை, செயல் என்ற நான்கு படி வரிசை. எழுதி, மனப்பாடம் செய்து, வகுப்பில் விற்க வேண்டும். ஒரு பையன் எஃகு தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொண்டான். நல்ல குரல், கண்ணைப் பார்த்துப் பேசுகிறான், இரட்டைச் சுவர், 24 மணி நேரம் குளிர்ச்சி என்று சரளமாகப் போகிறது. வாங்குபவராக முன்வரிசையில் ஒரு மாணவி. பாதியில் அவள் கையைத் தூக்கி, "நான் குளிர்ந்த தண்ணியே குடிக்கறதில்லையே" என்றாள்.

பையன் நின்றான். அப்புறம் விட்ட இடத்துக்கு இரண்டு வரி முன்னால் போய், "24 மணி நேரம் குளிர்ச்சி மாறாமல்" என்று மறுபடி ஆரம்பித்தான். வகுப்பே சிரித்தது. அவன் கடைசி வரி வரைக்கும் சொல்லி, நன்றி சொல்லி உட்கார்ந்தான். அதே பாட்டில் சூட்டையும் காக்கும். அவன் கையில் இருந்த அட்டையிலேயே மூன்றாவது வரியில் அது எழுதியிருந்தது!

துறை கொடுத்த மதிப்பெண் தாளில் அமைப்பு, குரல், உடல்மொழி, நேரம் என்று நான்கு கட்டம். நான்கிலும் அவனுக்கு நல்ல மதிப்பெண்.

பழைய சேல்ஸ்:
சார், பையன் மேல் தப்பில்லை. ஏஐடிஏ விளம்பர உலகத்துச் சரக்கு. அமெரிக்க விளம்பரக்காரர் எலியாஸ் செயின்ட் எல்மோ லூயிஸ் பெயரைச் சொல்லி 1898 என்று ஆண்டும் போடுவார்கள். விளம்பரத்தை யாரும் பாதியில் கை தூக்கி நிறுத்த முடியாது. எதிரில் ஆள் இருக்கும்போது அதை அப்படியே கொண்டுவந்தால் இதுதான் நடக்கும்.

என் கதை சின்னது. ஓய்வுக்குப் பிறகு ஒரு பயிற்சி நிலையத்தில் பாடம் எடுக்கப் போனேன். ஒரு பெண் என்னிடம் காப்பீடு விற்றாள். பேசி முடிக்கும் வரை எனக்குக் குடும்பம் இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. அவ்வளவுதான்.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். முதல் நாள் பேச்சை எழுத விடாதீர்கள். வாங்கக்கூடிய ஒருவரிடம் அனுப்பி, இப்போது அந்த வேலையை எப்படிச் சமாளிக்கிறார், எதில் எரிச்சல் என்று கேட்டுவரச் சொல்லுங்கள். அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதிவர வேண்டும். பாதிப் பேர் திரும்பி வந்து, தாங்கள் எடுத்த பொருளையே மாற்றுவார்கள். இரண்டாவது, பொருளின் ஒவ்வொரு அம்சத்துக்கும் பக்கத்தில் "அதனால உங்களுக்கு என்ன?" என்று எழுதச் சொல்லுங்கள். இரட்டைச் சுவர், அதனால் வெளிப்பக்கம் வியர்க்காது, அதனால் பைக்குள் இருக்கும் நோட்டு நனையாது. மாணவர்கள் பெரும்பாலும் முதல் படியிலேயே நின்றுவிடுகிறார்கள். நோட்டு வரைக்கும் வந்தால்தான் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார். மூன்றாவது, வரக்கூடிய மறுப்புகளை எழுதி, வகுப்புத் தோழரிடம் கொடுத்து எந்த இடத்திலாவது குறுக்கிடச் சொல்லுங்கள். எந்த இடம் என்று பேசுபவருக்குத் தெரியக் கூடாது. அமைப்பு வேண்டும் என்றால் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்து ஆலன் மன்றோ 1930களில் சொன்ன வரிசை இருக்கிறது: கவனம், தேவை, தேவையை நிறைவேற்றுதல், காட்சிப்படுத்தல், செயல். இரண்டாவதாகவே தேவை வந்து நிற்கிறது பாருங்கள். ஏஐடிஏவில் அதற்கு இடமே இல்லை.

மாலைநேர ஆசிரியை:
இடம் இல்லை என்று சொல்ல முடியாது சார், ஆர்வம் என்கிற படியில் தேவையைத்தான் பேச வேண்டும். சரி, அது இருக்கட்டும்.

பள்ளி மாணவி ஒருத்தி, கூட்டத்தின் முன் வாயே திறக்காதவள். அவளுக்கு வந்தது புத்தகப் பை. எழுதிய தாள் கையில் ஆடுகிறது. முதல் வரி வரவில்லை. வரவே இல்லை. நான் போதும் என்று சொல்ல எழுந்தபோது பையைத் தூக்கி முன் மேசையில் வைத்து, "ஜிப்பை இழுத்துப் பாருங்க" என்றாள். ஒருத்தி இழுத்தாள். "வேகமா." மறுபடி இழுத்தாள். "இப்போ துணியைச் சேர்த்து இழுங்க." துணி சிக்கியது, ஒரே இழுப்பில் வெளியே வந்தது. பை பின்வரிசை வரைக்கும் போய் வந்தது. அவள் மொத்தம் பேசியதே அவ்வளவுதான். அன்று எல்லோரும் அந்தப் பைக்குத்தான் கை தூக்கினார்கள். கூட இருந்த மதிப்பீட்டாளர் "பேச்சே இல்லையே" என்று அவளைக் கடைசியில் போட்டார்.

கூர்பென்சில்:
மதிப்பீட்டாளர் செய்தது சரிதான். அது செய்முறை விளக்கம். பேச்சுப் பயிற்சியில் பேசாமல் ஜெயித்தால் அந்தப் பெண் என்ன கற்றுக்கொண்டாள்? நாளைக்குத் தொலைபேசியில் விற்கச் சொன்னால் எந்த ஜிப்பை இழுக்கச் சொல்வாள்?

மாலைநேர ஆசிரியை:
லிப்ட் தயாரித்த எலிஷா ஓடிஸ் 1854இல் நியூயார்க் கிரிஸ்டல் பேலஸ் கண்காட்சியில் என்ன செய்தார்? லிப்ட் மேடையில் ஏறி உயரத்தில் நின்றுகொண்டு கயிற்றை வெட்டச் சொன்னார். பாதுகாப்புப் பிடி மேடையைத் தாங்கியது. கயிறு அறுந்துவிடுமோ என்பதுதான் அன்றைக்கு ஜனங்களின் பயம், அந்தப் பயத்தையே மேடையில் வைத்துக் காட்டினார். பையில் முதலில் கெட்டுப்போவது ஜிப்தான் என்று அவளுக்கும் தெரிந்திருக்கிறது. வாங்குபவரின் பயம் எது என்று பிடிப்பதுதானே எழுத்தில் பாதி வேலை?

கூர்பென்சில்:
ஓடிஸ் கதை எல்லா வகுப்பிலும் வருகிறது. கயிறு வெட்டியதற்கு 3 ஆண்டு கழித்து, 1857இல்தான் ஒரு கடைக் கட்டிடத்தில் ஓடிஸின் முதல் பயணிகள் லிப்ட் வந்தது. நடுவில் எத்தனை பேரிடம் உட்கார்ந்து பேசியிருப்பார்கள், அதை யாரும் சொல்வதில்லை.

கடைசி பெஞ்ச்:
நான் மாணவன், இங்கே எழுதலாமா தெரியவில்லை. எங்கள் வகுப்பில் நான் வாங்குபவர், என் நண்பன் ஒரு ஆன்லைன் பயிற்சியை விற்றான். "போன மாசம் மட்டும் ஐந்நூறு பேர் சேர்ந்திருக்காங்க" என்றான். அதுவரை எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. அந்த எண்ணைக் கேட்டதும்தான் பயிற்சிக்கு வைத்த மாதிரிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். கைதட்டல் எல்லாம் முடிந்ததும், அந்த ஐந்நூறு எங்கே கிடைத்தது என்று கேட்டேன். "வாய்ல வந்துச்சு" என்றான். ஆசிரியர் பக்கத்தில்தான் நின்றார், சிரித்தார். அவன் நல்ல பையன், திட்ட வரவில்லை. என் கை அந்த எண்ணுக்காகத்தானே கையெழுத்துப் போட்டது!

பழைய சேல்ஸ்:
தம்பி, அந்தச் சிரிப்புதான் எனக்குப் பிடிக்கவில்லை. களத்தில் அப்படிச் சொன்னால் வாடிக்கையாளர் ஒரு தடவை சரிபார்ப்பார், அப்புறம் நீ சொல்லும் உண்மையையும் நம்ப மாட்டார். எண் சொன்னால் எங்கிருந்து வந்தது என்று அடுத்த மூச்சில் சொல்லத் தெரிய வேண்டும். இல்லை என்றால், தாளில் இருக்கும்போதே அடித்துவிட வேண்டும்.

நேரக்காப்பாளர்:
ஒரு சின்ன விஷயம். ஆங்கிலக் கையேடுகளில் நிமிடத்துக்கு 130 முதல் 150 சொல் என்று இருக்கும். அதை வைத்துத் தமிழில் எழுதச் சொல்லாதீர்கள். நம் சொற்கள் நீளம், மூச்சு வாங்கும். சத்தமாகப் படித்துக் கடிகாரம் பார்ப்பதுதான் வழி.

என் அனுபவம்: ஒரு மாணவி, அழகான பேச்சு, நடுவில் வந்த கேள்விக்கும் பதில் சொன்னாள். முடிந்ததும் வாங்குபவராக இருந்தவர், "சரிம்மா, பிடிச்சிருக்கு. நான் இப்போ என்ன பண்ணணும்?" என்றார். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

கூர்பென்சில்:
இது எல்லா வகுப்பிலும் நடக்கிறது. கேட்பதற்குக் கூச்சம், கை நீட்டி வாங்குவது போல நினைக்கிறார்கள். என் வகுப்பில் கடைசி வரியைத்தான் முதலில் எழுதச் சொல்வேன். "இந்த வாரம் ஒன்றை எடுத்துப் பயன்படுத்திப் பாருங்கள், வெள்ளிக்கிழமை வந்து கேட்கிறேன்" என்பது மாதிரி, கேட்பவர் உடனே செய்யக்கூடிய ஒன்று. "சிந்தித்துப் பாருங்கள்" என்று முடித்தால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அந்த ஒரு வரி தாளில் நின்ற பிறகு மேலே எழுதியதில் நிறைய வெட்டத் தோன்றும், இரண்டு நிமிடத்துக்குள் அடங்கவும் செய்யும்.