ஓய்வுக்கு 14 மாதம்: பணக்கணக்கு முடிந்தது, மற்ற கணக்கு?

உச்சிப்புளி_மனை:
மத்திய அரசு வேலை, சென்னை. 60 முடிய இன்னும் 14 மாதம். பென்ஷன், பிஎஃப், கடன் எல்லாம் பார்த்தாயிற்று, அதைக் கேட்கவில்லை. ஊரோடு வந்துவிடலாம் என்று நினைக்கிறோம். ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடத்தில் பழைய வீடு, பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம் உச்சிப்புளியில் காலி மனை. அந்த வாழ்க்கைக்கு நாங்கள் தயாரா என்பதை எதை வைத்து அளப்பது? "நல்லா ரெஸ்ட் எடுங்க" என்பதைத் தவிர வேறு ஏதாவது சொல்லுங்கள்.

மண்டபம்_கரை:
சார், யோசித்தால் தெரியாது, இருந்து பார்க்கணும். இஎல் (ஈட்டிய விடுப்பு) 300 நாளைத் தொட்டிருந்தால் அதற்கு மேல் காசாகாது. அதில் 3 வாரம் எடுத்துத் தங்கச்சிமடத்து வீட்டில் இருங்கள். பொங்கல், திருவிழா சமயம் வேண்டாம். சொந்தபந்தமெல்லாம் கூடியிருக்கும்போது எந்த ஊரும் இனிக்கும். ஒருமுறை மே வெயிலில், ஒருமுறை நவம்பர் அடைமழையில் வாருங்கள். ஒரு வாரம் பத்தாது. முதல் பத்து நாள் லீவு மாதிரி ஓடிவிடும், அதற்குப் பிறகுதான் காலை பத்து மணி கனக்க ஆரம்பிக்கும்.

இருக்கிற நாளெல்லாம் ஒரு நோட்டில் மணிவாரியாக எழுதுங்கள்: எங்கே, யாரோடு, என்ன. ஆபீஸும் பயணமும் போனால் ஒரு நாளில் 10, 11 மணி நேரம் காலியாகிறது. டிவி, போன் என்று எழுதிய மணிகளுக்கு வட்டம் போடுங்கள். நாளுக்கு 5 வட்டத்தைத் தாண்டினால், என் கணக்கில், இன்னும் தயாரில்லை. வாரத்துக்கு மூன்று பெயராவது வீட்டாளும் பழைய ஆபீஸ் ஆளும் அல்லாததாக நோட்டில் வரணும். இத்தனை வருஷம் வெளியூரில் இருந்தவருக்கு ஊரில் சொந்தம் இருக்கும், சிநேகிதம் இருக்காது. இரண்டும் வேற.

கீழக்கரை_ராத்தா:
"நினைக்கிறோம்" என்று எழுதியது நீங்கள் ஒருத்தர்தானே அண்ணே? வீட்டில் கேட்டீங்களா? ஆளுக்கொரு தாளில், ஒருத்தர் எழுதுவதை இன்னொருத்தர் பார்க்காமல், ஓய்வுக்கு அப்புறம் வரும் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையைக் காலை முதல் ராத்திரி வரை எழுதுங்க. அப்புறம் மாற்றிப் படிங்க. பெரும்பாலும் முட்டிக்கொள்வது பகல் ஒரு மணிச் சாப்பாட்டில்தான். நீங்க ஆபீஸில் இருந்தவரை அவங்க காலைக் குழம்பை வைத்தே மதியத்தை முடிச்சிருப்பாங்க. இனி தினமும் உங்களுக்குச் சுடச்சுட ஒரு இலை போடணும்.

வாரத்துக்கு மூன்று வேளை நீங்களே சோறு, குழம்பு, பொரியல் வைக்க இப்போதே பழகுங்க. மீன் ஆய்வதும் அதில் சேர்த்தி. (ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு தடைக்காலம். அப்போது நாட்டுப்படகு மீன்தான், விலையும் ஏறும். மே மாதம் வந்தால் அதையும் பார்த்திடலாம்.) அவங்க தெரிஞ்சிக்க வேண்டியது: பிபிஓ (பென்ஷன் வழங்கும் உத்தரவு) எண், பென்ஷன் எந்தக் கிளையில், நாமினி யார், ஏடிஎம்மில் தனியாகப் பணம் எடுப்பது.

பட்டணம்காத்தான்:
இரண்டு இடத்தில் எது என்பதை ஆஸ்பத்திரி தூரம் சொல்லிவிடும். பக்கவாதம் வந்தால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போடணும். தங்கச்சிமடத்திலிருந்து ராமநாதபுரம் சுமார் 45 கி.மீ. மதுரைக்கு அனுப்பினால் மேலும் 110க்கு மேல். வண்டி வரவும் நேரமாகும், ஆடி அமாவாசை, தை அமாவாசை அன்று பாம்பன் பக்கம் நெரிசலும் சேரும். உச்சிப்புளி பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம், ராமநாதபுரத்துக்கு அதில் பாதி தூரம்கூட இல்லை. சுகர், பிரஷர், நெஞ்சு நோய் யாருக்காவது இருந்தால் மனையில் கட்டுங்க, பழைய வீட்டை விருந்துக்கு வைத்துக்கொள்ளுங்க.

கால் பலத்தையும் பாருங்க. கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை நெஞ்சில் குறுக்கே வைத்து, 30 செகண்டில் எத்தனை தடவை முழுசாக எழுந்து உட்காருகிறீங்க? 60 முதல் 64 வயதுக்குள் ஆண் 14, பெண் 12க்குக் கீழே என்றால் விழும் ஆபத்து அதிகம். அடுத்து, ஒரு குதிகாலை மறுகாலின் பெருவிரல் நுனியில் முட்டவைத்து 10 செகண்ட் நிற்கணும்.

கட்டும்போது படுக்கையும் கழிவறையும் கீழ்த்தளத்தில், கழிவறைக்குப் படி இல்லாமல், கதவு 90 செ.மீ. அகலம். கைப்பிடியை டைல்ஸ் ஒட்டும்போதே மாட்டிடுங்க. பிறகு துளை போட்டால் டைல்ஸ் விரிசல் விடலாம். கடல்காற்றுக்கு இரும்பு கிரில்லும் ஏசி வெளி யூனிட்டும் சீக்கிரம் அரிக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்கினால் 316 ரகம் கேளுங்க, 304 துருப்புள்ளி விழும்.

உச்சிப்புளி_மனை:
நன்றி. செவ்வாய்க்கிழமைத் தாள் இன்று ராத்திரியே. தங்கச்சிமடத்துக் கிணற்றுத் தண்ணீரை எப்படி நம்புவது?

மண்டபம்_கரை:
அங்கே மணலுக்குள் மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீர் மேல் மிதக்கிறது. ஆழமாகப் போர் போட்டாலோ பெரிய மோட்டாரில் இழுத்தாலோ உப்பு மேலேறும். கிணற்றை ஆழப்படுத்தாதீங்க, சின்ன மோட்டார், விட்டுவிட்டு ஓட்டுங்க. 15 நிமிஷம் ஓடவிட்டபின், அதே தண்ணீரில் மூன்று முறை அலசிய கேனில் 2 லிட்டர் பிடித்து, மறுநாளுக்குள் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுங்க. டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. வேறு தண்ணீர் இல்லையென்றால் 2000 வரை அனுமதி. மே மாதத் தண்ணீரை வைத்து முடிவெடுங்க. நவம்பரில் எல்லாக் கிணறும் இனிக்கும்.