மறு: ரஸ்ட் நிரல்மொழிக் கையேடு – 'பாரோ' (borrow) என்பது கடனா, இரவலா?

> 'பாரோ' வரும் இடமெல்லாம் 'கடன்' என்று போட்டிருக்கிறேன். 'பாரோ செக்கர்' = 'கடன் சரிபார்ப்பி'. மறுப்பிருந்தால் பட்டறைக்கு முன் சொல்லுங்கள்.

வணக்கம் ஐயா,

மறுப்பு உண்டு. பக்கத்து வீட்டில் அரிசி கடன் வாங்கினால் திருப்பித் தருவது வேறு அரிசி. சங்கிலி இரவல் வாங்கினால் அதே சங்கிலிதான் திரும்ப வேண்டும். மலாயின் 'பிஞ்ஜாம்' இரண்டுக்கும் பொது, ஆங்கிலமும் அப்படித்தான். நமக்கு இரண்டு சொல் இருக்கிறதே! ரஸ்டில் மதிப்பு இருந்த இடத்திலேயே இருக்கும், உடையவர் மாறமாட்டார், முகவரி மட்டும் கைக்கு வரும். இது இரவல். (கடன் என்றால் பினாங்குப் பிள்ளைகளுக்கு ஆலோங் என்ற கந்துவட்டிக்காரர் ஞாபகம் வேறு வந்து தொலைக்கும்.)

நிரல்மாற்றி (கம்பைலர்) காட்டும் பிழை எண்களோடு பொருத்திப் பார்த்தேன். சங்கிலி இரவலில் இருக்கையில் உடையவர் அதை விற்கப் பார்த்தால் 0505. உருக்கி வேறு நகை செய்யப் பார்த்தால் 0506. இரவல் முடியுமுன் உடைமையே அழிந்துபோனால் 0597. மூன்றிலும் 'கடன்' என்று வைத்து வாசியுங்கள், இடிக்கும்.

கையேட்டின் இரண்டாம் எடுத்துக்காட்டில் விளக்கம் போதவில்லை. 1, 2, 3 கொண்ட வெக்டர் (நீளக்கூடிய பட்டியல்) ஒன்றின் பெயர் 'வரிசை'. அதன் முதல் உறுப்பை '&' போட்டு 'முதல்' என்று இரவல் எடுக்கிறோம். பிறகு வரிசையில் 4-ஐத் தள்ளி, 'முதல்'-ஐ அச்சிடுகிறோம். 0502 பிழை வரும். "விதி அப்படி" என்று எழுதினால் யாருக்கும் புரியாது. மூன்று இடம் மட்டுமே ஒதுக்கிய வெக்டரில் நான்காவது நுழைய, மொத்தமும் நினைவகத்தில் வேறு இடத்துக்குப் பெயரக்கூடும். 'முதல்' காலி மனையைக் காட்டிக்கொண்டு நிற்கும். அதைத்தான் நிரல்மாற்றி தடுக்கிறது. அச்சிடும் வரியைத் தள்ளும் வரிக்கு மேலே ஏற்றினால் பிழை போய்விடும், ஏனென்றால் கடைசிப் பயன்பாட்டோடு இரவல் முடிகிறது. '&' இல்லாமல் எடுத்தாலும் சரி, முழு எண் நகலாகிவிடும். மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர் வைக்க 1.53-ஆவது பதிப்பாவது வேண்டும் என்பதையும் குறிப்பிடுங்கள்.

அடுத்து, 'சரிபார்ப்பி' வேண்டாம். '-இ' விகுதி தனிக் கருவி என்று எண்ணவைக்கும். இது நிரல்மாற்றிக்குள், இடைநிலை வடிவமான மிர் மீது நடக்கும் ஒரு கட்டம். 'சோதனை' என்றால் நிரலைச் சோதித்துப் பார்க்கும் 'கார்கோ டெஸ்ட்' கட்டளையோடு குழம்பும். 'இரவல் சரிபார்ப்பு' போதும்.

மதிப்பின் உடைமை வேறு மாறிக்குப் போகும் 'மூவ்'க்கு 'நகர்வு' என்று இருக்கிறது. 'கைமாற்றம்' பொருந்தும், உடைமைதானே கைமாறுகிறது. 'கைமாற்று' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அது மறுபடியும் கடன்.

– பட்டர்வொர்த்

> 'இரவல் சரிபார்ப்பு', 'கைமாற்றம்' ஏற்கிறேன். மதிப்பை மாற்ற விடும் '&மியூட்'டுக்கு 'மாறும் இரவல்' இருக்கட்டுமா?

மாறுவது இரவல் இல்லையே ஐயா, பொருள்தானே. 'திருத்தும் இரவல்', மற்றது 'பார்க்கும் இரவல்'. ஒரே நேரத்தில் பார்க்கப் பலர் இருக்கலாம். திருத்த ஒருவர்தான், அப்போது பார்ப்பவரும் இருக்கக்கூடாது.

இன்னொன்று: பட்டறைக் கணினிகளில் லினக்ஸ் புதிதாக ஏற்றியிருந்தால், ரஸ்ட்அப் என்ற நிறுவி நிரல்மாற்றியைத் தரும், மாற்றிய துண்டுகளை ஓடும் நிரலாக இணைக்கும் 'சிசி' இணைப்பியைத் தராது. நிரலைக் கட்டும் 'கார்கோ பில்ட்' கட்டளை இணைப்பி இல்லை என்று நின்றுவிடும். உபுண்டுவில் 'பில்ட்-எசென்ஷியல்' பொதியை முன்னாலேயே நிறுவச் சொல்லுங்கள். மறந்துவிட்டாலும் முதல் பாடத்துக்கு, இணைக்காமல் சரிமட்டும் பார்க்கும் 'கார்கோ செக்' கைகொடுக்கும். இரவல் பிழைகள் அதிலேயே தெரிந்துவிடும்.