புதுப்பிப்பு: அம்மா அப்பாவின் எஸ்டா வந்துவிட்டது

கட்டண உயர்வுக்கு முன் அம்மா அப்பாவின் எஸ்டாவை (விசா இல்லாமல் அமெரிக்கா போக இணையத்தில் வாங்கும் பயண அனுமதி) புதுப்பிக்கலாமா என்று கேட்டிருந்தேன் (இருவரும் சிங்கப்பூர்க் கடப்பிதழ்). விண்ணப்பித்தோம், இருவருக்கும் கிடைத்துவிட்டது. நாங்கள் கட்டியது பழைய கட்டணமான 21 டாலர்தான். 2025 செப்டம்பர் 30 அன்று அது 40 டாலராக உயர்ந்தது.

பழைய அனுமதியை நீட்டிக்க வழியில்லை. முழு விண்ணப்பத்தையும் மறுபடி நிரப்ப வேண்டும். மிச்சமிருக்கும் மாதங்களும் சேராது, புது ஒப்புதல் நாளிலிருந்து 2 ஆண்டுதான். அதற்குள் கடப்பிதழ் காலாவதியானால் எஸ்டாவும் அன்றே போய்விடும். சீக்கிரமே கடப்பிதழ் மாற்ற இருந்தவர்கள் அந்த 19 டாலர் வித்தியாசத்துக்காக அவசரப்பட்டிருக்கவே வேண்டியதில்லை என்பேன்.

ஒரு அக்கா கேட்டிருந்தீர்கள்: அங்கே இருக்கும்போது எஸ்டா முடிந்தால்? போய் இறங்கும் நாளில் செல்லுபடியானால் போதும், அனுமதித்த 90 நாள்வரை தங்கலாம்.

தயவுசெய்து தேடலில் முதலில் வரும் தளத்தில் பணம் கட்டிவிடாதீர்கள். இடைத்தரகர்கள் கூடுதலாக வாங்குகிறார்கள். அரசுத் தளத்தின் முகவரி ‘டாட் கவ்’ என்றுதான் முடியும். வயதானவர்களுக்கு நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள்.