அகேட் சேர்ந்த நாட்டிலாய்டு: தமிழில் என்ன சொல்வது?

தி.:
அனைவருக்கும் வணக்கம். கணவாய், எண்காலி போன்ற தலைக்காலிகளின் புதைபடிவங்களைச் சேகரிப்பதற்கான களக் கையேட்டின் தமிழாக்கம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நாட்டிலாய்டு (அறை அறையாகப் பிரிந்த ஓடுள்ள ஒரு தலைக்காலிக் கூட்டம்) ஓட்டில் அகேட் (பட்டை பட்டையான சிலிக்காக் கல்) சேர்ந்த மாதிரிகள் பற்றிய இயலுக்கு இன்னும் தலைப்பு அமையவில்லை. வரைவில் "அகேட்மயமான நாட்டிலாய்டு" என்று இருக்கிறது. ஓரிடத்தில் "மணியாக்கம்" என்றும் வருகிறது. அறைகளைப் பிரிக்கும் சுவருக்கு "தடுப்பு", தடுப்புகளை ஊடுருவும் குழலுக்கு "ஊடுகுழல்", தடுப்பின் விளிம்பு ஓட்டின் உட்புறத்தில் பொருந்தும் கோட்டுக்கு "பொருத்துவரி" என்று வைத்திருக்கிறோம். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

மு.:
அம்மா, "மயம்" வேண்டாம். "மணியாக்கம்" அதைவிடத் தவறு. ஆக்குதல் பிறவினை. நிலத்தடி நீரில் கரைந்த சிலிக்கா தானாக வந்து படிகிறது, ஆக்குபவர் யாரும் இல்லை. தன்வினையாக "மணியாதல்" என்பதே முறை. அகேட் வரிவரியாக இருப்பதால் அதை "வரிமணி" என்றே சொல்லிவிடலாம். நாட்டிலாய்டுக்கு மூலமான நாட்டிலசு என்றால் கிரேக்கத்தில் மாலுமி. நம்மிடம் நாவாய் இருக்கிறது, கணவாயும் இருக்கிறது. "வரிமணியான நாவாய்க்கணவாய்" என்று தலைப்பிடுங்கள். இன்னொன்று: அகேட் என்ற சொல்லே நம் "அகடு"தான் என்பது என் துணிபு. அகடு என்றால் வயிறு, உட்புறம். ஓட்டின் வயிற்றில் நிறைவதால் அந்தப் பெயர்.

வே.:
> அகேட் என்ற சொல்லே நம் "அகடு"தான்

ஐயா, சிசிலியில் ஓடும் அக்காட்டெசு ஆற்றின் பெயரிலிருந்து வந்தது என்று பண்டைக் கிரேக்க அறிஞர் தியோஃபிராசுடசே எழுதியிருக்கிறார். ஒலி ஒத்திருப்பது மட்டும் சான்றாகாது. நாட்டிலசு விஷயத்திலும் அப்படித்தான். அரிஸ்டாட்டில் பாய் விரித்து மிதப்பதாகச் சொன்ன உயிர் இன்று ஆர்கோநாட் எனப்படும் மெல்லோட்டு எண்காலி. அறை அறையாக ஓடுள்ள இந்த உயிர் நீரைப் பீய்ச்சி நகர்கிறது. ஆக நாவாய் இங்கே இரண்டு முறை இடம் மாறி வந்த பெயர். கணவாய் என்றதும் மீனவர் மனத்தில் வருவதும் வெளி ஓடு இல்லாத வேறொரு தலைக்காலி.

"வரிமணி"யில் வேறொரு சிக்கல். இதே இயலில் "பொருத்துவரி" இருக்கிறது. "வரியைப் பாருங்கள்" என்றால் படிப்பவர் அகேட்டின் பட்டையைப் பார்ப்பாரா, தடுப்பின் கோட்டைப் பார்ப்பாரா? அதைப் "பொருத்துக்கோடு" என்று மாற்றினால் பாதிச் சிக்கல் தீரும்.

கு.:
சொல்லுக்கு முன் கல்லைப் பார்ப்போம். "மணியாதல்" என்ற ஒரே சொல் இரண்டு நிகழ்வுகளை ஒன்றாகக் குழைத்துவிடுகிறது. ஓடு கரைந்து அதன் இடத்தில் சிலிக்கா வருவது ஒன்று. ஓடு அப்படியே இருக்க, காலியான அறைகளில் சிலிக்கா படிவது இன்னொன்று. இரண்டாவதில் அறையின் சுவரை ஒட்டிப் பட்டை பட்டையாக அகேட், நடுவில் சிறு குவார்ட்சுப் படிகங்கள், சில சமயம் வெற்றிடமும் இருக்கும். சில அறைகளில் பட்டைகள் கிடைமட்டமாக இருக்கும். படிந்தபோது எந்தப் பக்கம் கீழே இருந்தது என்பதை அவை காட்டும்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, சேகரிப்பவரை அதிகம் ஏமாற்றுவது அதுதான். அறைகளில் இருப்பது அகேட்டே அல்ல, கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம். மடகாஸ்கரிலிருந்து வரும் கிரெட்டேசியக் காலச் சைமட்டோசெராசு போன்ற நாட்டிலாய்டுகளின் மெருகிட்ட பாதித்துண்டுகளில் "அகேட்" என்ற பெயரில் விற்கப்படும் பல கால்சைட்தான்.

சோதனை எளிது. மோஸ் கடின அளவில் கால்சைட்டின் கடினம் 3, அகேட் 6.5 முதல் 7 வரை. எஃகுக் கத்தி ஏறத்தாழ 5.5. கத்தி முனையால் அறை நிரப்பலில் கீறுங்கள். சாம்பல் நிறக் கோடு தெரிந்தால் உடனே முடிவு செய்யாதீர்கள். ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தால் போய்விடுகிறது என்றால் அது கத்தியின் எஃகு, கல்லில் விழுந்த கீறல் அல்ல, எனவே அகேட். பள்ளம் நின்றால் கால்சைட். அடுத்து 10 விழுக்காடு ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு. மெருகிட்ட முகத்தில் பிசின் பூச்சு இருந்தால் அது அமிலத்தைத் தடுத்துவிடும், கால்சைட்கூட நுரைக்காது. உடைந்த விளிம்பில், கண்ணுக்குப் படாத இடத்தில் விட்டு, லென்ஸ் வைத்துப் பாருங்கள். பிறகு நிறைய நீரில் கழுவுங்கள். ஓட்டுச் சுவரையும் அறை நிரப்பலையும் தனித்தனியாகச் சோதிப்பது முக்கியம். சுவர் நுரைத்து நிரப்பல் நுரைக்காமல் இருந்தால் அது இரண்டாம் வகை. இரண்டும் நுரைக்காமல் இருந்தால் முதல் வகையோடு அறைகளும் நிறைந்திருக்கின்றன.

ஒட்டியிருக்கும் சுண்ணாம்புப் பாறையை நீக்க முழுத் துண்டையும் அமிலத்தில் ஊறவைப்பவர்கள் இரண்டாம் வகையை இழந்துவிடுவார்கள். தடுப்புகள் கரைந்து, அறை நிரப்பல்கள் தனித்தனிக் கிண்ணங்களாக உதிரும். கையேட்டின் சொல் இந்த வேறுபாட்டைக் காட்டியே ஆக வேண்டும். இது வெறும் நயப் பிரச்சினை அல்ல.

அ.:
மக்களுக்குத் தெரிந்த சொல்லிலிருந்து தொடங்கலாமே. சாளக்கிராமம் என்றால் சுருண்ட கல் என்று எல்லாருக்கும் புரியும். "அகேட் சாளக்கிராமம்" என்று சொன்னால் என்ன?

கு.:
அம்மா, கண்டகி நதிச் சாளக்கிராமங்கள் கருங்களிப்பாறை உருண்டைகளில் கிடைக்கும் ஜுராசிக் காலத்து அம்மோனைட்டுகள். நாட்டிலாய்டு, அம்மோனைட் என்று இந்தக் கையேடு பிரித்துக் காட்ட முயலும் இரண்டு தலைக்காலிக் கூட்டங்களையும் அந்தச் சொல் ஒன்றாக்கிவிடும்.

நாட்டிலாய்டில் பொருத்துக்கோடு மெல்ல வளைந்து போகும், அம்மோனைட்டில் கிளைவிட்டுச் சிக்கலாக மடியும். நாட்டிலாய்டின் ஊடுகுழல் பெரும்பாலும் தடுப்பின் நடுப்பகுதியில், அம்மோனைட்டில் வெளி விளிம்பை ஒட்டி. விதிவிலக்குகளையும் சேர்த்துவிடுங்கள். அட்டூரியா நாட்டிலாய்டுதான், ஆனால் கோடு கூர்மையாகக் கோணலடிக்கும், குழல் உள்விளிம்பை ஒட்டியிருக்கும். டெவோனியன் காலத்துக் கிளைமீனியாக்கள் அம்மோனைட்டுகள் அடங்கும் அம்மோனாய்டுப் பெருங்குழுவைச் சேர்ந்தவை, ஆனாலும் குழல் உள்விளிம்பில். ஆகவே ஒரே அடையாளத்தை நம்பக் கூடாது.

ஓடு மூடியிருக்கும்வரை பொருத்துக்கோடு தெரியாது என்பதால் வெட்டித்தான் பார்க்க வேண்டியிருக்கும். நடுத்தளத்தைப் பென்சிலால் வட்டமாகக் குறித்து, விரிசல்களில் பசை ஊற்றி இறுகவிட்டு, நீர் ஓட ஓட வைர வாளால் அறுங்கள். சில மில்லிமீட்டர் விலகினாலும் ஊடுகுழல் வாளுக்குச் சிக்காமல் மறு பாதியில் போய்விடும். தேய்க்கும்போது தேய்ப்புத் துகள் எண் 220, 400, 600, 1200 என்று படிப்படியாகப் போய்க் கடைசியில் சீரியம் ஆக்சைடு மெருகுத்தூள். ஓடு கால்சைட்டாகவும் நிரப்பல் அகேட்டாகவும் இருந்தால் மென்மையான ஓடு முதலில் தேய்ந்து பள்ளமாகும். அழுத்தத்தைக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் குறைந்த நேரம் வைத்துக்கொள்ளுங்கள். உலர வைத்து அறுக்கவே கூடாது, சிலிக்காத் தூசு நுரையீரலைக் கெடுக்கும்.

வே.:
குமுறாமல் சொல்கிறேன், இதில் இலக்கணமும் உதவுகிறது. ஓடு மாறியதற்கு "அகேட்டாக மாறிய", அறை நிறைந்ததற்கு "அகேட் நிறைந்த". இரண்டும் பெயரெச்சம். படிப்பவருக்கு உரை தேவையில்லை. "நாட்டிலாய்டு" ஒலிபெயர்ப்பாகவே இருக்கட்டும். "அறைச்சங்கு" என்று ஒரு யோசனை தனிமடலில் வந்தது. சங்கு நத்தைக் கூட்டம், ஒத்துவராது. "சுருளோடு" என்றும் வந்தது. ஆர்த்தோசெராசு போன்ற நேரான ஓடுகளை எங்கே வைப்பது?

மு.:
பெயரெச்சத் தொடர் கலைச்சொல் ஆகாது. அகரவரிசையில் தேடும் மாணவர் எந்தச் சொல்லின் கீழ்த் தேடுவார்? தொகையாகச் சுருக்குங்கள். "மாறுமணி", "நிறைமணி" என்று இரண்டு வினைத்தொகைகள் போதும். மாறியதும் மாறுவதும் இரண்டும் அதில் அடங்கும். அகேட் என்ற சொல்லைக் காலத்துக்கும் சுமக்கத் தேவையில்லை.

கு.:
> மாறியதும் மாறுவதும் இரண்டும் அதில் அடங்கும்

அதுதான் இடிக்கிறது. நிகழ்ந்து முடிந்ததைக் குறிக்க வேண்டிய இடத்தில் காலம் மறைந்த தொகை. தவிர "மணி"க்குள் மாணிக்கமும் அடங்கும், பாசிமணியும் அடங்கும்.

தி.:
அனைவருக்கும் நன்றி. "அகேட் நிறைந்த", "அகேட்டாக மாறிய" என்பவற்றுக்கே ஆதரவு அதிகம், அவற்றையே வைக்கிறேன். இயலின் தலைப்பு "அகேட் சேர்ந்த நாட்டிலாய்டுகள்". "பொருத்துவரி" நூல் முழுவதும் "பொருத்துக்கோடு" ஆகிறது. கால்சைட் நிறைந்தவற்றுக்குத் தனிப் பெட்டிச் செய்தி, கத்திச் சோதனையோடு.

மு.:
என் மறுப்பைப் பதிவில் வையுங்கள். கலைச்சொல் பட்டியலில் "நிறைமணி", "மாறுமணி" இரண்டும் பிறைக்குறிக்குள் வந்தால் போதும். இரண்டாம் பதிப்புக்குள் மாணவர்கள் எதைப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்ப்போம்.

தி.:
பட்டியலில் சேர்த்துவிட்டேன், ஐயா. பிறைக்குறி வேண்டாம் என்று வே. எழுதியிருக்கிறார். மாலைக்குள் இருவரும் ஒத்துக்கொண்டால் நல்லது, இல்லையென்றால் இப்படியே போகும்.