அமாமித் தீவில் கீரியை ஒழித்தது சரியா?

கேள்வி: ஜப்பானின் அமாமி ஓஷிமாவில் கீரி அடியோடு ஒழிந்ததாக 2024 செப்டம்பரில் அறிவித்தார்கள். பாவம், அதுவும் உயிர்தானே?

பதில் 1: பாவம்தான். ஆனால் ஹபு என்ற விஷப்பாம்பைப் பிடிக்கட்டும் என்று 1979இல் சுமார் 30 கீரிகளைக் கொண்டுவந்து விட்டது மனுஷன். கீரி பகலில் திரியும், ஹபு ராத்திரியில் வரும். சந்தித்தால்தானே! அகப்பட்டது அமாமி முயல். கறுத்த உடம்பு, குட்டைக் காது. குட்டியை வளைக்குள் விட்டு, வளையின் வாயை மண்ணால் அடைத்துவிட்டுத்தான் தாய் வெளியே போகும்.

பதில் 2: ஆற்றையும் பாருங்கள். ஜப்பானின் இன்னொரு தீவான ஒகினாவாவில் ரியூக்யூ அயு என்ற ஆற்று மீன் 1970களின் கடைசியில் அற்றுப்போனது. அப்புறம் அமாமியில் மிஞ்சியதிலிருந்துதான் குஞ்சுகளைக் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே எமன் கீரி இல்லை. மழையோடு ஆற்றில் இறங்கும் செம்மண்ணும்தான் ஒரு காரணம்.

கேட்டவர்: வளையை அடைக்கும் சேதி தெரியாது. சரி, கீரிக்கு வாங்கிய வக்காலத்தில் பாதி வாபஸ்.