கிரப் மேம்படுத்தலும் இரண்டு வன்தட்டுகளும்: திருவாரூர் அனுபவம்

கணினி தொடங்கும்போது இயங்குதளத்தை ஏற்றிவைக்கும் நிரலான பூட் லோடரின் பொதியை மேம்படுத்துவது வேறு, மேம்பட்டதை வன்தட்டின் தொடக்கப் பகுதியில் எழுதுவது வேறு. இதைத் தெளிவாகக் காட்டியது, திருவாரூர்ப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் நான் பழுது பார்த்த டெபியன் லினக்ஸ் சர்வர்.

2020 ஜூலையில் பூட்ஹோல் என்னும் பாதுகாப்புக் குறைபாடு வெளியானபோது எல்லா முக்கிய லினக்ஸ் வழங்கல்களும் தங்கள் பூட் லோடரான கிரப்பைப் புதுப்பித்தன. ஆலையின் சர்வரிலும் அந்த மேம்படுத்தல் பிழைச் செய்தி ஏதுமின்றி முடிந்திருந்தது. குறுவை அறுவடை நேரத்தில் மின்சாரம் போய், யூபிஎஸ்ஸும் அடங்கி, சர்வர் மறுபடி இயங்க வேண்டியிருந்தபோதுதான் ‘சிம்பல் கிரப்_காலக் நாட் ஃபவுண்ட்’ என்று சொல்லி மீட்புத் திரையில் நின்றுவிட்டது. வெளியே நெல் ஏற்றிய லாரிகள் எடைமேடைக்குக் காத்திருந்தன.

சர்வரில் இரண்டு வன்தட்டுகள் ரெய்டு-1 முறையில் ஒன்றுக்கொன்று நகலாக இருந்தன. ஆனால் கிரப்பை எங்கே எழுத வேண்டும் என்ற பதிவில் இரண்டாம் தட்டு மட்டுமே இருந்தது. கணினியை முதலில் இயக்கிவைக்கும் உள்ளமை மென்பொருளான பயாஸோ முதல் தட்டிலிருந்து தொடங்கிக்கொண்டிருந்தது. ஆகவே அங்கிருந்த கிரப்பின் பழைய கரு (மையப் பகுதி), புதிய தொகுதிகளை (துணைநிரல்களை) ஏற்றியதும், அவை கேட்ட செயற்கூறு அதில் இல்லாமல் திகைத்தது. லினக்ஸை நேரடியாக இயக்கும் லைவ் யூஎஸ்பியில் தொடங்கி, ரெய்டை இணைத்து, சிஹெச்ரூட் கட்டளை வழியாக சர்வரின் சொந்த இயங்குதளத்துக்குள் சென்று, கிரப்பைத் தட்டில் எழுதும் கிரப்-இன்ஸ்டால் கட்டளையை இரண்டு தட்டுகளிலும் இயக்கி, பதிவிலும் இரண்டையும் சேர்த்தபின் சர்வர் எழுந்தது.

இத்தனைக்குப் பிறகும், பழைய பயாஸ் கணினிகளுக்கு நான் கிரப்பையே தேர்ந்தெடுக்கிறேன். இன்னொரு பூட் லோடரான லிலோவின் வளர்ச்சி 2015 இறுதியோடு நின்றுவிட்டது. கிரப்போ ரெய்டையும், தட்டின் இடத்தை நெகிழ்வாகப் பிரிக்கும் எல்விஎம்மையும் தானே படிக்கும். தட்டின் முதல் செக்டரில் (சிறு துண்டில்) நிரலுக்குக் கிடைப்பது 446 பைட் என்பதால் அதன் கரு அடுத்துள்ள இடைவெளியில் அமர்கிறது. முதல் பகிர்வு (பார்ட்டிஷன்) 63ஆம் செக்டரில் தொடங்கும் பழைய தட்டுகளில் அந்த இடைவெளி ஏறத்தாழ 31 கேபிதான். மேம்படுத்துமுன் அதைப் பார்த்துவிடுவது அவசியம்.

பயாஸுக்குப் பதிலாக யூஇஎஃப்ஐ உள்ள புதிய சர்வர்களில் சிஸ்டம்டி-பூட் என்னும் பூட் லோடர் எளிமையானது, எனக்குப் பிடித்தமானதும்கூட. ஆனால் லினக்ஸின் மையமான கெர்னலை ஃபேட் கோப்பு முறையிலான பகிர்வில் வைக்க வேண்டியிருப்பதால் அதற்குத் தாராளமாக இடம் ஒதுக்குங்கள். இரண்டாம் தட்டிலும் அப்பகிர்வின் நகலை நாமே பராமரிக்க வேண்டும்.

பூட் லோடர் மேம்படுத்திய அன்றே, ஆலையில் வேலையில்லாத நேரத்தில், ஆள் பக்கத்திலிருக்க, ஒவ்வொரு தட்டிலிருந்தும் தனித்தனியாகத் தொடங்கிப் பார்ப்பதை இப்போது என் பராமரிப்புப் பணியின் பகுதியாகவே வைத்திருக்கிறேன்.